திருத்துவதா, விற்பதா?

ஜேர்மனியில் பழைய கார் வைத்திருக்கும் எங்கள் ஆக்களுக்கு 2 வருடத்துக்கு ஒருமுறை வயிற்றைக் கலக்குவது ரியூவ் பரிசோதனை. பெரிய பழுது என்று எழுதித் தந்தால் 1 மாதத்துக்குள் திருத்திக் காட்டவேண்டும். அந்த ஒரு மாதமும் வீட்டில் பட்டிமன்றம்தான்.

காரின் விலையைவிடத் திருத்தும் செலவு கூடினால் தள்ளிவிடு என்பார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. விடிய 6 மணி வேலைக்குப் போக பஸ் இல்லாதவனுக்கு, அந்தக் காசுக்கு வேறென்ன கார் கிடைக்கும் என்பதே கணக்கு. அதுவும் யாரோ கைகழுவிய காராகத்தான் இருக்கும். பிரேக், ரயர், சைலன்சர் என்றால் திருத்துங்கள். அடிப்பாகம் கறள் பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் விடுங்கள். ஒட்ட ஒட்ட அடுத்த இடம் பிய்யும். ரைமிங் பெல்ற் மாற்றும் காலம் கடந்துவிட்டதா என்றும் கராஜில் கேளுங்கள். ஓடும்போது அது அறுந்தால் பெரும்பாலான கார்களில் எஞ்சினே போய்விடும்.

விற்பதென்றால், புதிதாக வந்த பொடியனின் தலையில் கட்டாதீர்கள். அவனுக்கு மொழியும் தெரியாது, காரும் தெரியாது. அண்ணை சொன்னால் சரியென்று சேர்த்த காசைத் தருவான். உத்தரவாதம் இல்லையென்று எழுதி வாங்கினாலும், தெரிந்த பழுதை மறைத்திருந்தால் இங்கத்தைய சட்டத்தில் அது செல்லாது. பழுதுகளை ஒப்பந்தத்தில் ஒவ்வொன்றாக எழுதுங்கள். ரியூவ் தந்த தாளையும் கையில் கொடுங்கள். விலை கொஞ்சம் குறையத்தான் செய்யும்.