மலிவுச் சீமையும் நம் கூலியும்

முதலிபாளையம் சிட்கோ பக்கத்து டீக்கடைகளில் ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. தாய்லாந்தில் கடற்கரை ஓரத்தில் வீடு, வேளாவேளைக்குச் சாப்பாடு, துணி துவைக்க ஆள், வீடு பெருக்க ஆள், இத்தனையும் கொஞ்சப் பணத்தில் நடக்கிறதாம்! அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஜனங்கள் போய்க் குடியேறுகிறார்களாம்! மாதம் இவ்வளவு இருந்தால் போதும், வெளிநாட்டில் ராஜ வாழ்க்கை என்று செல்போனில் படம் காட்டுகிறார்கள், செலவுப் பட்டியல் போடுகிறார்கள். பவர்டேபிளில் எட்டு வருஷமாகத் தைக்கிற ஒரு தம்பி நம்மிடமே கேட்டுவிட்டார்: "ஏனுங்க தோழர், அத்தனை மலிவுன்னா நாமளும் போய்ப் பொழைச்சுக்கலாமுங்களே?"

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. சனிக்கிழமை கூலி வாங்கி, லைன் வீட்டு வாடகை, மளிகைக் கடைப் பாக்கி, குழுக் கடன் தவணை என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, ஞாயிறு மத்தியானமே வெறுங்கையோடு நிற்கிறவனுக்குக் "குறைந்த செலவில் சௌகரிய வாழ்வு" என்ற பேச்சு இனிக்கத்தான் செய்யும். ஆகவே கணக்குப் பார்த்தே பதில் சொல்லுவோம்.

ஓய்வு வாழ்க்கைக்கு வருகிற அன்னியருக்குத் தாய்லாந்து சர்க்கார் விசா கொடுக்கிறது. வயது 50 ஆகியிருக்க வேண்டும். அதோடு, பாங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். (பாட் என்பது அந்த நாட்டு நாணயம்.) அதே நாட்டின் தலைநகரான பாங்காக்கில் 2025 ஜூலையில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 400 பாட். ஒரு தொழிலாளி 26 நாள் வேலை செய்தால் 10,400 பாட். தோழர்களே, வகுத்துப் பாருங்கள்! அந்த ஊர்த் தொழிலாளி ஆறு மாதம் உழைத்துச் சம்பாதிக்கிற பணத்தை ஒரே மாதத்தில் வருமானமாகக் காட்ட முடிந்தவருக்குத்தான் கதவு திறக்கிறது. இதற்குப் பெயர் "சிக்கன பட்ஜெட்"!

துணி துவைக்க ஆள் மலிவு என்கிறார்களே, அந்த ஆள் யார்? சாப்பாடு மலிவு என்கிறார்களே, அடுப்படியில் வேகிறவள் யார்? வாடகை மலிவு என்கிறார்களே, அந்தக் கட்டிடத்துக்குக் கல் சுமந்தவன் யார்? பட்டியலில் விலை இருக்கிறது, ஆள் இல்லை. சாமான் மலிவாகக் கிடைக்கிற இடத்தில் எல்லாம் எவனோ ஒருவனுடைய கூலி மலிவாக இருக்கிறது. இது நமக்குத் தெரியாத சங்கதியா? திருப்பூர் வட்டாரம் 2024-25ல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்தது. அந்தச் சீமைக் கடைகளில் பனியன் சல்லிசாகத் தொங்குவது எதனால் என்று செக்கிங் மேஜையில் பத்து மணி நேரம் நின்ற பெண்ணைக் கேளுங்கள், சொல்லுவாள்.

சரி, போய்க் குடியேறுகிற ஊர் ஜனங்களாவது செழிக்கிறார்களா? போர்த்துகல் தேசம் 2009ல் அன்னிய வருமானக்காரர்களுக்கு வரிச் சலுகை கொடுத்து அழைத்தது. வெளிநாட்டுப் பென்ஷனுக்குப் பத்து வருஷம் வரியே இல்லை என்றது; 2020ல்தான் 10 சதவீதம் போட்டது. பணம் வந்தது, கூடவே உல்லாசப் பயணிகளும் வீட்டு மனை வியாபாரிகளும் வந்தார்கள், லிஸ்பனில் வாடகை ஏறியது. 2023 ஏப்ரல் 1 அன்று அந்த நகரத்து ஜனங்கள் குடியிருக்க வீடு கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். 2025 ஜூலை 4 அன்று மெக்சிகோ நகரத்தில் இதே கதை. டாலரில் சம்பாதித்து அங்கே வந்து தங்குகிறவர்களால் கொண்டேசா, ரோமா வட்டாரங்களில் உள்ளூர்க் குடித்தனக்காரர்கள் விரட்டப்படுகிறார்கள் என்று ஊர்வலம் போனார்கள். சந்தையில் ஒரு பக்கம் பவுனும் டாலரும் வந்து நின்றால், மறு பக்கம் நிற்கிற கூலிக்காரன் குடியிருந்த வீட்டையே காலி செய்ய வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்லும்போது அந்த வெள்ளைக்காரக் கிழவர் மீது நமக்குக் கோபம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் சொந்த ஊரில் வாடகையும் வைத்தியச் செலவும் கட்டுப்படியாகாமல் ஓடி வந்தவர்கள். ஆயுள் முழுக்க மில்லிலும் ரயிலிலும் உழைத்தவர்களும் உண்டு. இங்கிலாந்து சர்க்கார் என்ன செய்கிறது தெரியுமா? தாய்லாந்தில் போய்க் குடியேறிய தன் ஓய்வூதியரின் அரசாங்கப் பென்ஷனை, அவர் போன தேதியில் இருந்த தொகையிலேயே நிறுத்திவிடுகிறது. லண்டனில் இருப்பவருக்கு வருஷா வருஷம் ஏறுகிறது, இவருக்கு ஏறுவதில்லை. விலைவாசி ஏறும், பென்ஷன் ஏறாது! இதன் அர்த்தம் நமக்குத் தெரியும். பஞ்சப்படி இல்லாத வருமானம் வருஷம் போகப் போகத் தேய்கிற சோப்புக் கட்டி. அந்தப் பஞ்சப்படிக்காகத்தானே 1984ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்!

இனி நம் ஆட்கள் கடல் கடந்த கதைக்கு வருவோம். நமக்கும் வெளிநாட்டு "மாத பட்ஜெட்" போட்டுக் கொடுத்தவர்கள் உண்டு. மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு நாகப்பட்டினம், ஆவடி முகாம்கள் வழியாக நம் ஜனங்களைக் கப்பலேற்றினார்கள். கங்காணி வந்து, "அங்கே அரிசிச் சோறு, இங்கே என்ன இருக்கிறது?" என்றான். பஞ்சத்தில் அடிபட்ட குடியானவனும் பள்ளர் பறையர் தெருக்காரனும் நம்பிப் போனான். அங்கே போனதும் என்ன? ஒரு தமிழ்க் கூலிக்கு எவ்வளவு அரிசி வேண்டும், எவ்வளவு மளிகை, எவ்வளவு துணி என்று வெள்ளை அதிகாரிகள் உட்கார்ந்து பட்ஜெட் போட்டு, அதற்கு மேல் காசு போகாதபடி "நிர்ணயக் கூலி" வகுத்தார்கள். 1920களின் கடைசியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை சரிந்ததும் அந்தக் கூலியையும் வெட்டினார்கள். ஆட்கள் மிஞ்சிப் போனதும் மூட்டை முடிச்சோடு ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறின காலத்தில் மட்டும் எந்தத் துரையும் பட்ஜெட்டைத் திருத்தத் தானாக முன்வரவில்லை.

யார் திருத்தினார்கள்? 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர்கள் வேலையை நிறுத்தினார்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். இன்னொன்றும் கேட்டார்கள்: துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம்! சைக்கிளில் உட்கார்ந்தபடி போகிற உரிமை எந்தப் பட்ஜெட்டில் வரும்? பதில் துப்பாக்கியால் வந்தது. மே மாதத்தில் படையை இறக்கிச் சுட்டார்கள். தொழிலாளர்கள் மாண்டார்கள். தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள்.

அது வெள்ளைக்காரன் காலம் என்று சொல்லித் தப்ப முடியாது. வளைகுடா நாடுகளுக்குப் போகிற நம் தொழிலாளிக்கு, இதற்குக் கீழே சம்பளம் பேசக் கூடாது என்று டில்லி சர்க்கார் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. கொரோனாவில் ஜனங்கள் வேலையிழந்து தவித்த 2020 செப்டம்பரில், அந்த வரம்பை டில்லி சர்க்காரே இறக்கியது. கத்தாருக்கும் துபாய்ச் சீமைக்கும் மாதம் 200 டாலர் போதும் என்றது! எதிர்ப்புக் கிளம்பி, வழக்கும் போட்ட பிறகு, 2021ல் அந்த உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். கத்தாரில் 2021 மார்ச்சில் சட்டப்படி வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 ரியால். முதலாளி இடம் தராவிட்டால் வாடகைக்கு 500, சோறு போடாவிட்டால் சாப்பாட்டுக்கு 300. அன்னிய நாட்டுச் சர்க்கார் தன் கூலியை உயர்த்துகிற அதே சமயத்தில் நம் சர்க்கார் நம் ஆளின் விலையைக் குறைத்துக் காட்டியது என்றால், இதை என்னவென்று சொல்ல!

தாய்லாந்து என்று ஆரம்பித்தோம், அங்கேயே ஒரு சம்பவத்தையும் சொல்லிவிடுவோம். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கைநிறையச் சம்பளம் என்று ஏஜெண்டுகள் அழைத்துப் போன நம் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, அடைத்து வைத்து, ஊரை ஏமாற்றும் மோசடி வேலை செய்யச் சொல்லி வதைத்தார்கள். 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னையில் வந்து இறங்கினார்கள். அறுபத்தையாயிரம் பாட் காட்டுகிறவர் விமான நிலையத்தின் முன்வாசலில் மரியாதையாக நுழைகிறார். காட்டை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டின பையன் அதே நாட்டு எல்லையில் ராத்திரியில் ஆற்றைத் தாண்டுகிறான்.

இவ்வளவும் பேசிவிட்டு நம் ஊரைப் பார்க்காமல் விட்டால் நாம் யோக்கியர்கள் அல்ல. முதலிபாளையமும் ஒருவனுக்கு அன்னிய தேசம்தான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்த பையன்கள் நம் பக்கத்து லைன் வீடுகளில் இருக்கிறார்கள். அறைக்கு இவ்வளவு என்றில்லாமல் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிற புண்ணியவான்கள் நம்மிலேயே உண்டு. "வடக்கன் கொஞ்சத்தில் காலம் தள்ளுவான், அவனுக்கு அது போதும்" என்று கம்பெனியில் சொல்கிறார்கள். அதை நம் ஆட்களும் திருப்பிச் சொல்கிறார்கள். மலாயாத் துரை நம் தாத்தாவைப் பற்றிச் சொன்னதும் இதேதான்! கொஞ்சம் போதும் என்று அவனா சொன்னான்? அவனைக் கொண்டுவந்த காண்டிராக்டர் சொன்னான்.

1979ல் வந்த மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. காண்டிராக்டர் கூட்டி வருகிற தொழிலாளிக்கு, ஊரை விட்டு வந்ததற்காக மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அதை, இடப்பெயர்ச்சிப் படியாகக் கொடுக்க வேண்டும். எத்தனை கம்பெனியில் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். ஆனால் ஏட்டிலாவது இருந்தது, சங்கம் கையில் பிடித்துக்கொண்டு போய் ஆபீசரிடம் கேட்கலாம். 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்தப் படியைக் காணோம்! பழைய சட்டத்தையே கழற்றிவிட்டார்கள். அந்தப் படியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். காண்டிராக்ட் ஆளோ, சொந்த ஆளோ, தமிழனோ, ஒடியாவோ, ஒரே தையலுக்கு ஒரே பீஸ் ரேட் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டையும் ஆதார் அட்டையையும் எந்த ஏஜெண்டும் எந்தச் சூப்பர்வைசரும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. வெளிநாடு போகிறவர், ஏஜெண்டிடம் சர்க்கார் பதிவு இருக்கிறதா என்று பார்த்து, ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துக் கேட்ட பிறகே காசைத் தொட வேண்டும்.

கேள்வி கேட்ட தம்பியிடம் நாம் ஒன்று கேட்டோம். "உன் பக்கத்து மிஷினில் தைக்கிற ஒடிசாப் பையனுக்கு அதே டிசைனுக்கு என்ன ரேட்?" அவருக்குத் தெரியவில்லை. எட்டு மாதமாக ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், இவர் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. வருகிற சனிக்கிழமை கூலிக் கவரைப் பிரிக்கும்போது இரண்டு பேரும் கணக்கை ஒத்துப் பார்த்துக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டே சங்க ஆபீசுக்கு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.