அம்மா என்ன தூதுவரா?

‘அம்மாதான் எங்க வீட்டுக்குப் பாலம்’ என்று யாராவது உருகினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாலம் என்றால் மிதித்துக்கொண்டு போகலாம் என்றுதானே அர்த்தம்?

ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது 1961இல். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல். நைட் ஷிப்ட் முடிந்து அப்பா தூங்கும்போது பிள்ளை பள்ளியில். நடுவில் சேதி சொல்ல ஒருத்தி வேண்டியிருந்தது, சரி. இப்போதுதான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே? ஆனாலும் பக்கத்து அறை அப்பாவுக்கு, ‘ஃபீஸ் கட்டணும்னு சொல்லிடும்மா.’ அங்கிருந்து பதில், ‘உன் பையன்கிட்ட சொல்லிவை.’

கடுஞ்சொல்லை வடிகட்டிச் சொன்னால் ‘மறைச்சிட்ட’. அப்படியே சொன்னால் ‘மூட்டிவிட்ட’. ரெண்டு பக்க வசவும் அவளுக்குத்தான்.

2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்த பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். அதே வேலை செய்த ஆண்கள் 97. குழம்பைக் கிளறிக்கொண்டே போகிற இந்தத் தூதை எந்த நிமிடத்தில் எழுதுவது?

காதலைச் சொல்லவும் வேலை போனதைச் சொல்லவும் அவளை முன்னால் தள்ளிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பது பாசமில்லை, கோழைத்தனம். அப்பாகிட்ட நீயே போய்ப் பேசு. கத்தினால் கத்தட்டும். அந்த வசவையாவது அம்மா வாங்க வேண்டாம்.