படம் அனுப்பியாச்சு, ஆனா எங்கே இருக்கு?



யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. தப்பு எங்க தொண்டர் குழு மேலயும்தான்.

திருப்பணிக்கு வந்த ஸ்தபதி கோபுரத்தைப் பார்த்தார். தெற்குப் பக்கம் ஒரு சுதைச் சிற்பத்தின் கை உடைந்திருக்கு. "சாஸ்திரப்படி செய்து தரலாம். ஆனா முன்னே இருந்த மாதிரியே வேணும்னா பழைய படம் காட்டுங்க" என்றார்.

12 வருஷத்துக்கு முன்னே கும்பாபிஷேகத்தில் எத்தனை பேர் படம் எடுத்தோம்! தேடினால் கிடைத்தது வாட்சாப்பில் வந்த சின்னப் படம் மட்டும். பெரிசாக்கினால் கை எது, ஆயுதம் எது என்றே தெரியவில்லை. அசல் படம் இருந்த கைப்பேசி எப்பவோ உடைஞ்சு போச்சு.

வாட்சாப்பில் சாதாரணமா அனுப்பினால் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 'டாகுமெண்ட்' என்று அனுப்பினால் 2 ஜிபி வரை அசலாகவே போகும். ஆனா அதுவும் நாளைக்கு ஆயிரம் 'காலை வணக்கம்' செய்திக்கு அடியில் புதைஞ்சிடும். வேகமா அனுப்புவது வேறு, தேடினால் கிடைப்பது வேறு. ரெண்டும் சேரணும் என்பதுதான் எங்க கருத்து.

உபயப் பட்டியலும் இதே கதைதான். மூன்று பேர் கையில் மூன்று பட்டியல், ஒரு குடும்பத்தின் பேர் விட்டுப் போச்சு. தொழிற்சாலையில் பழைய டிராயிங்கை வைத்துப் பொருள் செய்தால் மொத்த லாட்டும் ரிஜெக்ட். ஆலயத்தில் அப்படி நடந்தால் ஒருத்தர் மனசு புண்படுது.

நாங்க சொல்ற வழி இதுதான்:

1. ஆலயத்தின் பேரில் ஒரே கூகுள் கணக்கு. தனி ஆள் கணக்கு வேண்டாம், பொறுப்பு மாறினால் எல்லாம் அவரோடு போயிடும். இலவசமா 15 ஜிபிதான், காணொளி வைத்தால் சீக்கிரம் நிறைஞ்சிடும். கொஞ்சம் பணம் கட்டி இடம் வாங்கலாம்.

2. பெரிய காணொளியை வீட்டிலிருந்து டேட்டாவில் ஏற்றிக் கஷ்டப்பட வேண்டாம். ஆலய அலுவலகத்தில் கேபிள் போட்டால் சில நிமிஷத்தில் கணினிக்கு வந்துடும். டிரைவ் ஃபோல்டரில் போட்டுவிட்டால் அதுவே மேலே ஏறிக்கும்.

3. எல்லாரும் சேர்ந்து எழுதும் ஒரே பட்டியல். பூஜை, தேதி, உபயதாரர், அதே வரியில் படத்தின் லிங்க். யாராவது தவறா அழித்தாலும் பழைய பதிவை மீட்கலாம்.

ஒரு எச்சரிக்கை: உபயதாரர் தொலைபேசி எண் இருக்கும் பட்டியலை 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்று திறந்து வைக்கக்கூடாது.

"வயசானவங்களுக்கு இதெல்லாம் வருமா?" என்று கேட்பீங்க. அவங்க ஒன்றும் கற்றுக்க வேண்டாம். கைப்பேசியைக் கொண்டு வந்தால் போதும், நம்ம பிள்ளைங்க பார்த்துக்குவாங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்க வீட்டு அலமாரியில் பழைய கேமரா, மெமரி கார்டு, ஆல்பம் இருந்தால் தயவுசெய்து ஞாயிறு பூஜைக்கு வரும்போது எடுத்து வாங்க. கோபுரத்தின் தெற்குப் பக்கம் தெளிவாத் தெரியும் ஒரு படம் யார் வீட்டிலாவது இருக்கும்.


ஆலயத் தொண்டர்கள்