இளமை நட்பும் இசைத்தமிழும்

மக்கட்கு வாய்க்கும் பேறுகள் பலவற்றுள்ளும் தேடாது வருவது இளமைக்கண் வாய்க்கும் நட்பே. கல்வியை முயன்று பெறுகின்றோம். பொருளை உழைத்துப் பெறுகின்றோம். புகழையோ, பெற்றோமோ இல்லையோ என்று ஐயுற்றே வாழ்நாளைக் கழிக்கின்றோம். ஆயின், ஐந்தாறு வயதில் அடுத்த வீட்டுத் திண்ணையினின்று இறங்கிவந்து நம் கையைப் பற்றிய தோழனை நாம் தேடியதும் இல்லை, ஆராய்ந்ததும் இல்லை. வள்ளுவனார் நட்பாராய்தல் என ஓர் அதிகாரம் வகுத்து, ஆராயாது நட்புக் கொள்ளுதலின் கேட்டை எச்சரித்தார். எச்சரித்தவர், அதனை அடுத்துப் பழைமை என மற்றோர் அதிகாரமும் வைத்தார். ஆராய்ந்து கொள்ளும் நட்பு முதிர்ந்தோர்க்கு உரியது. ஆராயாமலே அமைந்து, நாட்பட நாட்படப் பழைமை என்னும் பெயரைத் தாங்கும் நட்பு இளையோர்க்கு உரியது என்பது எம் கருத்து.

அத்தகைய நட்பை ஆக்குவது யாது? ஒருங்கு விளையாடுதல் என்பர் சிலர். ஒருங்கு உண்ணுதல் என்பர் வேறு சிலர். ஒருங்கு பாடுதலே என்பேம் யாம். இசை என்னும் நம் சொல் பாட்டையும் உணர்த்தும், புகழையும் உணர்த்தும். இசைதல் என்னும்போது பொருந்துதலையும் உடன்படுதலையும் உணர்த்தும். பொருந்துதலாவது ஒன்றாய்விடுதல் அன்று. மணவீட்டில் நாகசுரம் கேட்டார் இதனை அறிவர். ஒத்து ஒரே சுரத்தில் நிற்கின்றது. நாகசுரமோ மேலும் கீழும் உலாவுகின்றது. இரண்டும் ஒன்றாய்விடின் இன்னிசை ஏது? வேறு வேறாய் நின்றும் பிரியாதிருத்தலே இசை; அதுவே நட்புமாம்.

இக்கருத்து எமக்கு நூலினின்று வந்ததன்று. ஒரு திண்ணையினின்று வந்தது. எம் இளமை நெல்லைச் சீமையின் சிற்றூர் ஒன்றிற் கழிந்தது. தெருவின் ஒரு தலையில் எம் ஆலயம். மறுதலையில் சிவன் கோயில். இடையில் எம் வீடும் தோழன் வீடும். அவன் ஓதுவார் குடியிற் பிறந்தவன். விடியற்காலையில் அவன் பாட்டனார் அவனைத் திண்ணையில் இருத்தித் தேவாரப் பதிகங்களைப் பண்ணோடு பயிற்றுவார். யாம் தூணருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்போம். மாலையில் எம் பாட்டியார் அரிசி புடைத்துக்கொண்டே தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருடைய கீர்த்தனைகளைப் பாடுவார். அவன் எம் வீட்டு வாயிற்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். எட்டு வயது நிரம்புமுன் அவன் வீட்டுப் பதிகங்கள் எமக்கும், எம் வீட்டுக் கீர்த்தனைகள் அவனுக்கும் வாய்ப்பாடமாயின. பொருள் அறிந்தோமா எனின், இல்லை. பொருள் பின்னரே வந்தது. சில அடிகட்கு இன்னும் வரவில்லை. எம்மைத் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் கொண்டுவந்து சேர்த்தது அத்திண்ணையே என்றால் அது மிகையாகாது.

ஒன்பதாம் வகுப்பிற் பயின்ற காலத்து மார்கழித் திங்களில், கோயிலிற் பள்ளிப் பிள்ளைகள் கூடிப் பாடும் நிகழ்ச்சி ஒன்று அமைந்தது. தன்னுடன் நின்று பாடுமாறு அவன் எம்மை அழைத்தான். எம் சமயம் அதற்கு இடந்தராது என்றோம். அவன் முகம் மாறவில்லை; சரி என்று கூறிப் போயினான். ஆனால் உண்மை வேறு. எம் மனச்சான்று அன்று தடுக்கவில்லை. எம் சபையார் யாது கூறுவரோ என்னும் அச்சமே தடுத்தது. மறுத்தமைக்காக யாம் வருந்தவில்லை. அச்சத்திற்குப் பக்தி என்று பெயரிட்டு உரைத்தமைக்காகவே வருந்துகின்றோம். அதன்பின் திண்ணையிற் பாட்டு ஓய்ந்தது. பேசினோம், சிரித்தோம், பாடவில்லை. பள்ளி முடிந்ததும் அவன் பொறியியல் கற்க வேற்றூர் சென்றான். யாம் இங்கு வந்தோம்.

இங்கு வந்தபின், எம் பாட்டியார் பாடிய கீர்த்தனைகளின் ஆசிரியர் வரலாற்றைக் கற்கும் வாய்ப்புக் கிட்டியது. அவ்வரலாற்றினுள் எம் திண்ணையை ஒத்த மற்றொரு திண்ணையைக் கண்டோம்.

வேதநாயகர் 1774ஆம் ஆண்டில் நெல்லை நாட்டிற் பிறந்தவர். அவரது அறிவுக் கூர்மையைக் கண்டு, ஜெர்மானியத் தொண்டரான சுவார்ட்ஸ் ஐயர் அவரைச் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று கற்பித்தார். அதே ஐயரிடம் பயின்றவர் மற்றொரு சிறுவர். மராட்டிய அரச மரபினர். 1787இல் துளஜா மன்னரால் மகவாக ஏற்கப்பட்டவர். மன்னர் அவ்வாண்டே இறக்க, அரியணையை அமர்சிங்கர் எய்த, இளவல் தன் ஊரிலேயே பாதுகாப்பற்றவராய் ஐயரது அடைக்கலத்தில் வளர்ந்தார். அவரே பின்னாளிற் சரஸ்வதி மகால் நூல்நிலையத்தை வளம்படுத்திய இரண்டாம் சரபோஜி. ஒருவர் தமிழ்க் கிறிஸ்தவர். மற்றவர் மராட்டிய இந்து. ஒருவர்க்குப் பொருள் இல்லை. மற்றவர்க்கு அன்று அரசு இல்லை. இருவரும் ஓர் ஆசிரியர்பால் உடன்பயின்றார். ஒருங்கிருந்த காலம் நீண்டதன்று. வேதநாயகர் தரங்கம்பாடிக்குச் சென்று பயின்றார். சரபோஜி 1793இல் சென்னைக்கு அனுப்பப்பட்டார். மீண்ட வேதநாயகர் 1794இல், ஏறத்தாழ இன்றைய எம் வயதில், தஞ்சையில் ஆசிரியர் பொறுப்பேற்றார். 1798இல் சுவார்ட்ஸ் ஐயர் மறைந்தார்; அவ்வாண்டே சரபோஜி அரசரானார்.

அச்சில ஆண்டுகள் விளைத்த விளைவைக் காண்மின். வேதநாயகர் 1800ஆம் ஆண்டளவிற் பெத்தலகேம் குறவஞ்சியை இயற்றினார். பெத்தலகேமின் தலைவன்பால் தேவமோகினி கொண்ட காதலைப் பாடும் அந்நூலில், ஞாயிற்றைச் சூழ்ந்து கோள்கள் சுழலும் புதிய வானநூற் செய்தியும், உலகின் நிலப்பகுதிகளின் செய்தியும் பாட்டாக வருகின்றன. சரபோஜி மன்னரோ மராட்டிய மொழியில் தேவேந்திர குறவஞ்சி என ஒரு நாடகம் இயற்றினார். அதிலும் குறத்தி வருகின்றாள். அவளும் உலக நாடுகளைப் பாட்டாகவே உரைக்கின்றாள். இருவர் மொழியும் வேறு. வணங்கிய தெய்வமும் வேறு. ஆயினும், ஓர் ஆசிரியர்பாற் கற்ற பாடத்தை இருவரும் குறவஞ்சியிலேயே வைத்துப் பாடினர். பாடம் ஐரோப்பாவினின்று வந்தது. பாட்டு இம்மண்ணினின்று எழுந்தது. இவ்வொற்றுமையைக் காணுந்தோறும் இரு சிறுவர் ஒரு நிலப்படத்தின்மேல் தலைகள் முட்டக் குனிந்திருக்கும் காட்சியே எம் மனக்கண்ணில் தோன்றுகின்றது. இன்னும் ஒரு நயம் உண்டு. சரபோஜி மன்னரையே பாட்டுடைத் தலைவராக வைத்துக் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடினார். குறவஞ்சி ஒன்றன் ஆசிரியரே மற்றொரு குறவஞ்சியின் தலைவருமாயினார்!

அவ்விருவரைப் பற்றிச் செவிவழியாக வழங்கும் கதை ஒன்று எம் வீடுகளிற் பலரும் அறிந்தது. மன்னர் தாம் வழிபடும் தெய்வத்தின்மீதும் ஒரு பாடல் பாடுமாறு தம் பழைய தோழரை வேண்டினாராம்; சாஸ்திரியார் இயேசு பெருமானையன்றிப் பிறரைப் பாடேன் என மறுத்து, அதனையே ஒரு கீர்த்தனையாகப் பாடினாராம். எம் பாட்டியார் இதனைச் சாஸ்திரியாரின் உறுதிக்குச் சான்றாகவே கூறுவார். யாமோ இப்பொழுது மன்னரது பெருந்தன்மைக்கும் சான்றாகக் கொள்கின்றோம். வேண்டுதல் தோழனது உரிமை. மறுத்தல் தோழனது உரிமை. மறுப்பைப் பொறுத்தலோ இருவரது பழைமையின் பயன். வள்ளுவனார் கெழுதகைமை என்று குறித்தது இதனையே போலும். சாஸ்திரியார் உண்மையைக் கூறி மறுத்தார். ஆதலின் பாட்டு நிற்கவில்லை. யாம் பொய்யைக் கூறி மறுத்தோம். ஆதலின் பாட்டு நின்றது.

தஞ்சைக் கோட்டைக்குள் உள்ள பழைய ஆலயத்தில், ஆங்கிலச் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பம் ஒன்று உண்டு. மன்னரே அமைப்பித்தது அது. சுவார்ட்ஸ் ஐயர் இறுதிப் படுக்கையிற் கிடக்க, சரபோஜி அவர் கையைப் பற்றி நிற்கின்றார். சமயம் மாறாமலே அன்பு மாறாதிருக்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இத்துடன் நிறுத்திக்கொள்ளின் இக்கட்டுரை இனிதே முடியும். ஆயினும் உண்மை முழுதும் கூறியதாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனெரிமார், ஆராதனையினின்று தமிழிசையை அகற்ற முற்பட்டபோது சாஸ்திரியார் அஞ்சாது எதிர்த்தார். இன்று நம் ஆலயங்களிற் கீர்த்தனை ஒலிக்கின்றதெனின் அதற்கு அவர்க்கு நாம் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் அம்மிஷனெரிமார் ஆலயத்துள் சாதி வேற்றுமையை ஒழிக்க முற்பட்டபோதும் அவர் எதிர்த்தார். தமிழிசையைக் காத்த வாயே அவ்வேற்றுமையையும் காத்தது. வேற்றுச் சமயத்து மன்னரோடு உயிரொத்த நட்புப் பூண்டவர், தம் சமயத்தாரே ஆயினும் தாழ்த்தப்பட்ட குடியினரோடு ஒரு பாயில் ஒருங்கு அமர்ந்து வழிபட இசைந்திலர்.

இது யாங்ஙனம் நிகழ்ந்தது? யாம் பலநாள் எண்ணிக் கண்ட விடை இது: இளமையில் எவரோடு ஒருங்கிருந்து பாடினோமோ அவர்பால் நம் நெஞ்சம் முதுமையிலும் திறந்திருக்கும், எவரோடு ஒருங்கிருக்க இளமையில் வாய்ப்பே இல்லையோ, அவர்பால் எத்துணைப் புலமையும் கதவைத் திறவாது. இளவரசருக்குச் சுவார்ட்ஸ் ஐயரின் பலகையில் இடம் இருந்தது. சேரியிற் பிறந்த சிறுவன் ஒருவன் அதே பலகையில் வேதநாயகருக்கு அருகில் அமர்ந்து நிலப்படத்தைப் பார்த்துப் பாடியிருந்தால், தமிழ்க் கிறிஸ்தவர் வரலாறு ஒருகால் வேறாக அமைந்திருக்கும். பெரியோரைக் குறை கூறுதல் எம் நோக்கம் அன்று. அவர் பாட்டைப் பாடும் யாம் அவர் பிழையையும் சேர்த்துப் பாடாதிருக்க வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.

மாணவ நண்பர்காள்! இந்நாளில் நாம் இலக்கியத்தைக் கண்ணாற் கற்கின்றோம், காதாற் கற்பதில்லை. தனித்திருந்து கற்கின்றோம், கூடியிருந்து கற்பதில்லை. இயல், இசை, நாடகம் என முன்னோர் மூன்றாக வைத்த தமிழை, வினாவும் விடையுமாகிய இரண்டாகச் சுருக்கிவிட்டோம். பிசிராந்தையார் நட்பைப் பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதுகின்றோம். எழுதி முடித்து விடுதி உணவுக்கூடம் செல்லும்போது, ஊரைக் கேட்டும் குடியை உய்த்துணர்ந்தும் அமரும் இடத்தைத் தெரிந்துகொள்வாரை இக்காலத்தும் காண்கின்றோம். இதற்கு மருந்தாக யாம் கூறுவது மிக எளியது. வாரத்தில் ஒரு மாலை, ஒரு நாழிகைப் பொழுது, விடுதி முற்றத்தில் கூடுவோம். அவரவர் தம் வீட்டிற் கேட்டு வளர்ந்த பாட்டைப் பாடுக. பிறர் கேட்டுக் கற்க. ஓதுவார் வீட்டுப் பதிகமும், எம் பாட்டியார் கீர்த்தனையும், நாற்றங்காலில் அன்னையர் பாடிய பாட்டும், பறையோடு எழுந்த பாட்டும் ஒரே முற்றத்தில் ஒலிக்கட்டும். மனம் ஒவ்வாததைப் பாட எவரையும் எவரும் வற்புறுத்த வேண்டா. உண்மையைக் கூறி மறுத்தற்கும் அம்முற்றத்தில் இடம் இருக்கட்டும். இதனால் தேர்வில் மதிப்பெண் பெருகும் என யாம் உறுதி கூறோம். நெஞ்சில் இடம் பெருகும் என உறுதியாகக் கூறுவோம்.

பிறர்க்கு உரைக்குமுன் யாம் செய்யவேண்டியது ஒன்று எஞ்சியிருந்தது. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் எம் தோழனுக்கு ஒரு கடிதம் எழுதினோம். அன்று தடுத்தது சமயம் அன்று, அச்சமே என்று எழுதி, பொறுத்தருளுமாறு வேண்டினோம். ஐந்தாம் நாள் விடை வந்தது. அது தனக்கு அன்றே தெரியும் என்றும், இதனைக் கூற இத்தனை ஆண்டுகள் வேண்டுமா என்றும் கேட்டிருந்தான். பாட்டியார் பாடிய கீர்த்தனை ஒன்றன் மூன்றாம் சரணம் தனக்கு மறந்துபோயிற்று, எழுதி அனுப்புக என்றும் குறித்திருந்தான்.

அதனை எழுதி அனுப்ப யாம் விரும்பவில்லை. விடுமுறைக்கு ஊர் சென்றபோது, பழைய திண்ணையில் அமர்ந்து பாடியே காட்டினோம்.