உளவியல் படிக்கப்போற பிள்ளையை மறிக்காதேயுங்கோ

உயர்தரப் பெறுபேறு வந்தால் எங்களிடம் யோசனை கேட்டு வரும் பிள்ளைகளில் ஒன்றிரண்டாவது "உளவியல் படிக்கலாமோ?" என்று கேட்குங்கள். கேட்டு முடியமுதல் கூடவந்த தாய்தகப்பனின் குரல்: "விசருக்குப் படிச்சு என்ன செய்யிறது?"

மருந்து எழுதுபவர் உளமருத்துவர், மருத்துவபீடம் முடித்தவர். உளவியல் பட்டதாரி வேறு. பட்டத்தோடு மட்டும் யாருக்கும் சிகிச்சை கொடுக்க முடியாது. மேற்படிப்பும் மேற்பார்வையில் பயிற்சியும் வேண்டும். கணிதத்துக்குப் பயந்து கலைப்பிரிவுக்கு வந்த பிள்ளைக்கு இன்னொன்று: புள்ளிவிபரவியலும் படிக்க வேண்டிவரும்!

பிறகேன் படிக்கவேண்டும்?

அமெரிக்காவில் போலின் பொஸ் என்பவர் 1970களில், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்புக்குத் தனிப்பெயர் வைத்தார். அந்தக் குடும்பங்களில் கோளாறு இல்லை, அந்த நிலைமைதான் கோளாறு என்றார். திவசம் செய்வதா, இத்தா இருப்பதா என்று தெரியாமல் படத்தோடு வீதியில் குந்தியிருக்கும் எங்கள் பெண்களுக்கு இது புதுக்கதையா?

எங்கள் மண்ணில் இதை எழுதியவர், யாழ். பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம். ஆள் மட்டுமல்ல, குடும்பமும் ஊருமே சேர்ந்து காயப்படும் என்று 2007இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1989 ஓகஸ்ட் 2ஐ மறவாத வல்வெட்டித்துறைக்கும், 1990 ஒக்டோபரில் வடக்கைவிட்டு வெளியேற்றப்பட்ட எங்கள் முஸ்லிம் சனத்துக்கும் அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் அடுத்து எழுதப்போவது யார்? பாடப்புத்தகத்தில் வரும் பரிசோதனைகளில் பெரும்பாலானவை மேற்குநாட்டு மாணவர்களை வைத்துச் செய்தவை. எங்கள் ஆச்சிமார் "மனச்சோர்வு" என்று சொல்லமாட்டார்கள். "நெஞ்சுக்குள்ளை அடைக்குது", "பெருமூச்சு வருகுது" என்பார்கள். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத்தான் அது நெஞ்சுநோவா, துக்கமா என்று விசாரிக்கத் தெரியும். மொழிபெயர்ப்பாளரை வைத்துச் செய்யும் வேலையில்லை இது.

பள்ளிக்கூடத்திலும் இதே குறைதான். கலாசாலையில் எங்களுக்குக் கல்வி உளவியல் ஒரு பாடம். பியாஜேயும் ஸ்கின்னரும் வகுப்பறைக்கு உதவுவார்கள். கடலுக்குப் போன தகப்பன் திரும்பாத பிள்ளையோடு அடுத்தநாள் எப்படிப் பேசுவதென்று அதில் இல்லை.

வேலை கிடைக்குமா என்ற பயம் நியாயமானது. எங்களிடமும் உத்தரவாதம் இல்லை. அதைப் பேசுவோம். "விசர்" என்ற ஒரு சொல்லால் கதவைச் சாத்தாதேயுங்கோ. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கோ, ஒன்றாயிருந்து பார்ப்போம்.