படகு ஃப்ரிட்ஜை நீங்களே மாற்றுங்கள், குழாயை மட்டும் வெட்டாதீர்கள்

லங்காவியில் கட்டிக் கிடக்கும் பாய்மரப் படகுகளில் பல ஐரோப்பாவில் செய்யப்பட்டவை. குளிர்ந்த கடலை மனத்தில் வைத்துக் கட்டிய ஃப்ரிட்ஜ் பெட்டிதான் அவற்றில் இருக்கும். இங்கே கடல்நீரே 29, 30 டிகிரி. பெட்டிச் சுவரில் 5 சென்டிமீட்டர் நுரை இருந்தால் பெரிது. அதுவும் பல ஆண்டு ஈரம் குடித்து ஊறிப்போயிருக்கும். மீன் கெட்டுப்போனதும் உரிமையாளர் கம்ப்ரசர் மீது பழி போட்டு, ஆள் வைத்துப் புதிதாக ஒன்றை மாட்டுகிறார். சுவர் அப்படியே இருக்கிறது. கம்ப்ரசர் இரவும் பகலும் ஓடி பேட்டரியைத் தின்கிறது.

என் படகில் இந்த வேலையை நானே செய்தேன். முதல் செலவு நுரைக்குத்தான். உள்பக்கம் நுரைத்தகடு ஒட்டி, சுவரை 10 சென்டிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவந்தேன். இடம் குறைந்ததில் என் மனைவிக்கு வருத்தம். ஆனால் இப்போது கம்ப்ரசர் ஓய்வெடுக்கிறது, இறால் கெடுவதில்லை.

அடுத்தது வயர். பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு 6 மீட்டர் என்றால், போக வர 12 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 5 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 12 வோல்ட் படகில் அது பெரிய இழப்பு. பேட்டரி நன்றாக இருக்கும்போதே, மின்னழுத்தம் போதவில்லை என்று கம்ப்ரசரின் கட்டுப்பாட்டுப் பெட்டி அதை நிறுத்திவிடக்கூடும். 6 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸும் வையுங்கள். ஆளரவமில்லாத தீவோரம் நங்கூரம் போட்டிருக்கும்போது மெக்கானிக் வரமாட்டார். வயர் எங்கே போகிறதென்று அதை இழுத்தவருக்குத்தான் தெரியும். நாமே செய்ய வேண்டும் என்று நான் சொல்வது காசை மிச்சம் பிடிக்க அல்ல.

ஒரே ஒரு இடத்தில் கை வைக்கக் கூடாது. பழைய இயந்திரத்தில் கம்ப்ரசர், செம்புக் குழாய், உறைத்தகடு எல்லாம் ஒரே தொடராக இருக்கும். பெட்டியில் குழாய் நுழையும் துளை சிறியது, தகடு வெளியே வராது. அந்த இடத்தில்தான் பலர் குழாயை நறுக்குகிறார்கள். உஸ்ஸென்று குளிரூட்டும் வாயு போய்விடுகிறது. உள்ளே ஆர்134ஏ வெறும் 100 கிராம் இருந்தால்கூட, அது சுமார் 140 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். மிகப் பழைய படகென்றால் ஆர்12 இருக்கலாம். ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987 மான்ட்ரியல் உடன்படிக்கை ஒழிக்க முனைந்த வாயு அது. ரம்பத்தை எடுத்துத் துளையைப் பெரிதாக்குங்கள், தொடரை முழுசாக வெளியே எடுங்கள். துளையைப் பிறகு நுரையால் அடைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கும்போது, வாயு நிரப்பி, ஸ்பேனரால் முடுக்கும் இணைப்புகளோடு வரும் செட்டைக் கேளுங்கள். வாயுவைத் தொடும் வேலையே இருக்காது.

படகுத்துறை நடத்துபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வாயுவை உறிஞ்சிச் சேமிக்கும் கருவியோடு ஒரு தொழில்நுட்பரை மாதம் ஒருமுறையாவது வரவழையுங்கள். கழற்றிய இயந்திரத்தை அவரிடம் கொடுக்க வழியிருந்தால், குழாயை வெட்டிக் குப்பையில் போட யாருக்கும் காரணம் இருக்காது.