ஹந்தானையில் இரண்டு இருக்கைகள்

விஞ்ஞான, தொழில்நுட்பத் துறைக்குப் பொறுப்பான மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

பொருளின் மிகச் சிறிய கூறுகளையும் அவற்றிடையே செயற்படும் விசைகளையும் கணிதத்தின் வழியே ஆராயும் அறிமுறைத் துணிக்கைப் பௌதிகவியலில், கலாநிதிப் பட்டத்தோடு பயிற்சி முடிந்துவிடுவதில்லை. அதன் பின்னர் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள், கற்பித்தற் சுமையின்றித் தம் சொந்த வினாக்களைத் தொடர இடமளிக்கும் தற்காலிகப் பதவியிலேயே ஒருவர் தனித்து நிற்கும் ஆய்வாளராகிறார். ஹெந்தளையிலிருந்து நாள்தோறும் பேருந்தேறிக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்கும் மாணவி ஒருவர் இத்துறையை நாடினால், அத்தகைய பதவி தாய்நாட்டிலும் அவருக்குக் கிட்ட வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

இத்துறை இம்மண்ணுக்குப் புதியதன்று. 1918இல் பிறந்த இலங்கைத் தமிழரான கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர், கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் போல் டிராக்கிடம் பயின்றவர். புரோத்தனை நோக்கி நேராக விழும் இலத்திரன், தான் உமிழும் கதிர்வீச்சின் எதிர்விளைவையும் டிராக்கின் சமன்பாட்டின்படி கணக்கிற் கொண்டால், புரோத்தனை அடைவதேயில்லை என்னும் வியப்பூட்டும் முடிவை 1943இல் நிறுவினார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக விளங்கிய அவர், 1959இல் மலாயாவுக்கும் 1968இல் அவுஸ்திரேலியாவின் லா திரோப் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். அறிஞர் ஒருவர் நாட்டைவிட்டு நீங்கும்போது அவர் துறையும் உடன் நீங்காதிருக்க வேண்டுமெனில், அவருக்குப் பின்னே இளைய ஆய்வாளர் வரிசையொன்று இருத்தல் வேண்டும்.

அவ்வரிசை தனிமையில் வளராது. பாகிஸ்தானியப் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1951இல் லாகூருக்குத் திரும்பியபின், தம் ஆய்வைப் பற்றி உரையாடத் துறைசார்ந்தோர் இன்றி 1954இல் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்றார். அந்நிலை பிறருக்கு நேரலாகாது என்றே 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் அறிமுறைப் பௌதிகவியலுக்கான பன்னாட்டு மையத்தை நிறுவினார். கடலுக்கு அப்பால், சென்னையில் 1962இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தோற்றுவித்த கணித அறிவியல் நிறுவனம் கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்தைய இத்தகைய தற்காலிகப் பதவிகளை வழங்கி வருகிறது.

1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து, கண்டி ஹந்தானையில் இயங்கும் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இலங்கையில் இப்பதவிகளுக்கு உரிய இடமாகும். இதற்குத் துணிக்கை முடுக்கி வேண்டியதில்லை. புதிய ஆய்வுரைகள் 1991 முதல் ஆர்க்கைவ் என்னும் இணையக் களஞ்சியத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஊதியமும் நேரமும் அறிவுத் துணையுமே தேவை. உலகெங்கும் இப்பதவிகளுக்குப் பெரும்பாலும் செப்டெம்பர் முதல் டிசம்பர் வரை விண்ணப்பிக்கப்படுவதால், அறிவித்தலும் அக்காலத்தில் மும்மொழிகளிலும் வெளிவருதல் நன்று. பதவி ஒன்றே எனில் சலாமின் லாகூர்த் தனிமை ஹந்தானையிலும் நேரும். ஆதலால், குறைந்தது இரண்டு பதவிகளையேனும் ஒருங்கே ஏற்படுத்துமாறு இம்மடல் பணிவுடன் வேண்டுகிறது.

ஹெந்தளை